பன்னிரண்டு முழம் துரு

ஆடி 3, வெள்ளி

முருகன் துணை.

இந்த நோட்டை உலகு நேற்றுக் கொடுத்தாள். "அத்தை, எந்த இரும்பை என்னைக்குத் துணியில சுத்துனோம், எத்தனை நாள் ஊறுச்சு, என்ன நிறம் வந்துச்சு. இத மட்டும் தேதி போட்டு எழுதுங்க. ஊர்க்கதை வேண்டாம்" என்றாள். எட்டாவது வரை படித்தவளிடம் நோட்டையும் பேனாவையும் கொடுத்துவிட்டுக் கதை வேண்டாம் என்றால் எப்படி? எனக்கு வாய் நிற்காது. கையும் நிற்காது போலிருக்கிறது.

உலகு என்கிற உலகம்மை என் அண்ணன் மகள். முப்பத்திரண்டு வயது. சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மேலே உள்ள பெரிய அறையை வாடகைக்கு எடுத்து, அங்கேயே குடியிருந்து, துணியில் சித்திரம் செய்கிறாள். உடுத்த முடியாது, போர்த்த முடியாது, கை கூடத் துடைக்க முடியாது. சுவரில் மாட்டிப் பார்க்கிற துணி. சென்னையில் கண்காட்சி வைக்கிறார்களாம். ஆவணி முதல் தேதி வண்டி வந்து எடுத்துப் போகும். துணி பன்னிரண்டு முழ நீளம். அதற்குள் முடிக்க வேண்டும்.

அவளுக்கு வலது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறது. துணி பிழிய முடியாது, பானை தூக்க முடியாது. அதனால்தான் போன மாதம் என்னை வரவழைத்தாள். அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியவர் அவள் புருஷன் தளவாய். திருநெல்வேலியில் டயர் கடை வைத்திருக்கிறார். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஏழு மாதமாக மாப்பிள்ளைக்குத் தெரியாது. தெரியக் கூடாது. கீழே மாடிப்படி வாசலில் உள்ள இரும்பு ஷட்டர் எப்போதும் உள்ளே பூட்டித்தான் இருக்கும். யார் தட்டினாலும் திறக்கக் கூடாது என்பது இந்த வீட்டின் முதல் சட்டம்.

இன்றைய குறிப்பு: இடுக்கி ஒன்று. வெள்ளைப் பருத்தித் துணியில் வைத்துச் சுற்றி, வினிகர் தெளித்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். ஐந்து நாள் இருக்கட்டும்.

ஆடி 5, ஞாயிறு

பழைய இரும்புக் கடைக்குக் கூட்டிப் போனாள். நகைக் கடையில் கூட இவ்வளவு நேரம் நின்றதில்லை. ஒரு நல்ல பெல்ட் கொக்கியை எடுத்துக் கொடுத்தால், "இது இல்ல அத்தை, இன்னும் அகலமா, ரெண்டு முள்ளு உள்ளது" என்கிறாள். கடைக்காரர் சிரிக்கிறார். கடைசியில் ரெண்டு முள் கொக்கி, சைக்கிள் செயின், நீளத் தாழ்ப்பாள், வளைந்த தோசைத்திருப்பி, சக்கர நட்டுக் கழற்றுகிற ஸ்பேனர். சீர்வரிசை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

ஆடி 8, புதன்

இன்று கட்டுப் பிரித்தோம். இடுக்கி நல்ல செம்பழுப்பு. செயின் திட்டுத்திட்டாக வந்திருக்கிறது. கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய துணியில் சுற்றினால் அதே துரு கறுப்பாகிவிடுகிறது. அதற்குத்தான் அடுப்பில் ஒரு அண்டா கடுக்காய் எப்போதும் கொதிக்கிறது. பிறகு துணியை மடித்து இரும்பின் மேல் வைத்துப் புளியமரக் கட்டையால் ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும். அப்போதுதான் அடையாளம் கூர்மையாகும். அடிப்பது என் வேலை. "இன்னும் பலமா அத்தை, தடவிக் குடுக்காதீங்க" என்கிறாள். கீழே பன்னிரண்டு தறி ஓடுகிற இரைச்சலில் இந்தச் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை.

பிறகு கொக்கியின் கட்டைப் பிரித்தேன். சதுரம், நடுவில் இரண்டு முள். போன மாதம் உலகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபோது முதுகில் அதைப் பார்த்திருக்கிறேன்.

"ஏட்டி, இது..."

"ஆமா."

"அப்ப அந்தச் செயினு? தோசைத்திருப்பி?"

"எல்லாந்தான். வருச வாரியா வச்சிருக்கேன் அத்தை. இந்த ஓரத்துல கல்யாணம். அந்த ஓரத்துல கதவு."

நடுவில் இரண்டு இடத்தில் ஒரு சாண் அகலம் வெறும் துணி. அங்கே ஒன்றும் வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"அது நான் உங்க வீட்டுல இருந்த நாளு. ரெண்டு வாட்டி வந்தேம்லா. பெறவு நீங்க என்னக் கொண்டு விட்டீய."

கொண்டு விட்டேன். உண்மைதான். இரண்டாம் முறை அதிரசமும் முறுக்கும் சுட்டுக்கொண்டு போனேன். நான் என்ன செய்வேன்? அண்ணன் இல்லாத வீடு. புருஷன் அடிக்காத வீடு ஏது? எங்க வீட்டிலும் என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில்... அதையெல்லாம் சாயக் குறிப்பில் எழுத வேண்டாம்.

ஆடி 10, வெள்ளி

ஆடி வெள்ளியும் அதுவுமாகப் புதுத் துணியைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறாள். கத்தரி எதற்கு இருக்கிறது என்றேன். "கத்தரி வெட்டுனா நேரா வரும்" என்றாள். நேராக வந்தால் என்ன குற்றமோ.

ஆடி 13, திங்கள்

ஆடிக் கார்த்திகை. மாப்பிள்ளையின் ஜென்ம நட்சத்திரமும் கார்த்திகைதான். இரண்டு தெரு தள்ளி இருக்கிற முருகன் கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். வெள்ளிக் கவசத்தில் சாமி சிரித்துக்கொண்டே இருந்தது. மனம் உருகிவிட்டது. மாப்பிள்ளையின் பெயருக்கு, நட்சத்திரம் சொல்லி, ஒரு வருட அர்ச்சனைக்குச் சீட்டுப் போட்டேன். மாதா மாதம் கார்த்திகையன்று அர்ச்சனை செய்து, யார் பெயருக்கோ அவர் முகவரிக்குத் திருநீறு தபாலில் போய்விடும். முருகன் திருநீறு நெற்றியில் பட்டால் எப்பேர்ப்பட்ட மூர்க்கமும் தணியும். சூரனையே மயிலாக்கியவன் இவனுக்கு ஒரு வழி செய்ய மாட்டானா?

சீட்டு எழுதுகிறவர், பணம் கட்டுகிறவர் முகவரியும் வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

நல்ல காரியம்தான். உலகிடம் சொல்லவில்லை. சாமி காரியத்தில் அவளுக்கு நம்பிக்கை போதாது.

ஆடி 17, வெள்ளி

ஒவ்வொரு அடையாளத்தையும் சுற்றி நான் நூல் தையல் போட வேண்டும். காலையில் போட்டதை எல்லாம் பிரித்துவிட்டாள். மூன்று மணி நேர வேலை.

"என்னட்டி குறை?"

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை. சாமிக்குப் பாவாடை தைக்கிற மாதிரி இருக்கு. இது அடி. அடி இப்படி அழகா நிக்காது. ஊசிய ஆழமாக் குத்தி, இழுத்து, துணி சுருங்குற மாதிரிப் போடுங்க."

துணி சுருங்கினால் என் மாமியார் கையில் கொட்டுவாள். இங்கே சுருங்காவிட்டால் திட்டு. மூதி, உனக்கு வேலை செய்வதற்கு ஏழு பிறவி தவம் இருந்திருக்க வேண்டும் என்றேன். சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாயிற்று. பிறகு போய்த் துணியின் முன்னால் நின்றாள். ஒன்றும் செய்யாமல் ஒரு மணி நேரம் நிற்பாள். கேட்டால் அதுதான் கஷ்டமான வேலையாம். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. அந்தக் கொக்கி என்னையே பார்க்கிறது.

ஆடி 20, திங்கள்

முருகா.

ஆடி 21, செவ்வாய்

இன்று எழுதிப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை பதினொரு மணி. தறி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டர் திறந்து கிடந்தது. தளவாய் மாடிக்கு வந்துவிட்டான்.

முதலில் துணியைத்தான் பார்த்தான். கொடியில் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்து பார்த்தான். கொக்கியின் முன்னால் நின்றான். கை தானாக இடுப்பு பெல்ட்டுக்குப் போயிற்று. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என் வீட்டு மானத்த ஊர் பூராத் தொங்க விடப் போறியாட்டி?"

மேசையில் இருந்த பெரிய கத்தரியை எடுத்து நடுவில் குத்தி, கீழே வரை இழுத்தான். உலகு அசையவில்லை. "வெட்டு. நல்லா வெட்டு" என்றாள். நான்தான் காலில் விழுந்தேன். மாப்பிள்ளை, வேண்டாம் மாப்பிள்ளை என்றேன். காலால் தள்ளிவிட்டான். அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. புருவம் கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது.

"எந்தக் கையிட்டி இதச் செஞ்சது? இந்தக் கையா? தகடு வச்ச பெறவும் அடங்கலையா?"

அந்தக் கையை முழங்கை வரை கடுக்காய் அண்டாவில் முக்கிப் பிடித்தான். கொதிக்கிற அண்டா.

அவள் வாய் முழுவதும் திறந்திருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கீழே தறி ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

நான் கட்டையை எடுத்து ஒரு அடி அடித்தேன். அவன் விழுந்தான். அண்டா சாய்ந்தது.

தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே தறியில் ஒழுகியிருக்கிறது. தறியில் பாவு நூல் பார்க்கிற நாச்சம்மாள் சண்டைக்கு வந்தாள். "ஏனுங்க்கா, பாவெல்லாம் கறையாப் போச்சுங், மேல என்னதான்..." என்று சொல்லிக்கொண்டே படியேறியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடிப்போய்த் தறியை நிறுத்தச் சொன்னாள். தறி நின்ற பிறகுதான் உலகு கத்துவது கேட்டது.

ஆடி 23, வியாழன்

உலகுக்குக் கை முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. மருந்து மாற்றும்போது நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். போகவில்லை. இரண்டு விரல் இனி மடங்குவது சந்தேகம் என்கிறார் டாக்டர். புருவத்தில் ஆறு தையல். அவன் கோயம்புத்தூரில் வேறு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். மண்டையோட்டில் வெடிப்பு, தாடை இரண்டு துண்டு, தோள்பட்டை உடைவு. நினைவு வந்துவிட்டதாம்.

இன்று எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. குளிக்கவும் இல்லை.

ஆடி 25, சனி

போலீஸ் இன்ஸ்பெக்டர் என்னை மாடி அறைக்கு வரவழைத்துக் கேட்டார். ஷட்டர் திறந்து கிடந்தது சார் என்றேன். பயத்தில் ஒரே அடி சார் என்றேன். நாச்சம்மாள் குறுக்கே வந்து, "ஒண்ணுதானுங். நா படியில வாரப்பப் பாத்தனுங்" என்றாள். அவள் படியேறும்போது எல்லாம் முடிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். ஒரே அடியில் தாடையும் தோளும் மண்டையும் எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி ஒரு தரம் கட்டையைப் பார்த்தார்.

ஆடி 27, திங்கள்

இன்று உலகிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது கரண்டியில் சொன்னேன்.

ஷட்டர் திறந்து கிடக்கவில்லை. நான் திறந்தேன். கீழே கூட்டிக்கொண்டிருந்தபோது ஷட்டர் துவாரத்துக்கு வெளியே தளவாய் நின்றான். நெற்றி நிறையத் திருநீறு. "பெரியம்மா, நல்லாருக்கீயளா? நீங்க அனுப்புன திருநீறு கெடச்சுது. பூசுன அன்னைக்கே மனசு லேசாயிட்டு. அவகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருதேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. முருகன் செய்துவிட்டான் என்று நினைத்தேன். சாவியை எடுக்க ஓடினேன். ஓடினேன், நடக்கக் கூட இல்லை.

கோயில் உறையில் பணம் கட்டியவர் முகவரி என்று இந்த வீட்டின் முகவரியை அச்சடித்து ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நான் சொன்ன முகவரி.

உலகு கஞ்சியை விழுங்கினாள்.

"மூணாவது வாட்டி" என்றாள்.

அவ்வளவுதான். முதல் இரண்டு முறை நான் அவளை அவனிடம் கொண்டு போனேன். மூன்றாம் முறை அவனை அவளிடம் கொண்டு வந்திருக்கிறேன். "நான் ஊருக்குப் போயிரட்டுமா மக்கா?" என்று கேட்டேன்.

"கஞ்சி ஆறுது. ஊட்டுங்க. எனக்குக் கை இல்ல."

ஆடி 29, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். தளவாயின் சித்தப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஆப்பிள் பை. ஷட்டரைத் திறக்காமல் துவாரம் வழியாகவே பேசச் சொன்னேன். அதற்கே அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மதினி, எக்ஸ்ரேல எல்லாம் தெரியுது. ஒரு அடி இல்ல, பத்துக்கு மேலங்கிறாரு டாக்டரு. விழுந்து கெடந்தவன அடிச்சிருக்கீய. கொலை முயற்சின்னு போட்டா இந்த வயசுல உள்ள போய்க் கெடக்கணும், ஆமா."

"அதுக்கு?"

"உலகு ஒரு கையெழுத்துப் போடட்டும். அண்டா தவறிக் கையில கொட்டிட்டு, தளவாய் தடுக்க வந்தான், அப்படின்னு. நாங்க ஒங்க மேல ஒண்ணும் குடுக்க மாட்டோம். பெறவு கொஞ்ச நாள் கழிச்சு ரெண்டு பேரையும் சேத்து வச்சிருவோம். ஒங்களுக்குத் தெரியாத வழக்கமா? ரெண்டு வாட்டி நீங்கதான கொண்டாந்து விட்டீய? மொறுக்கு கூட நல்லா இருந்துச்சு."

பின்னால் உலகு நின்றிருந்தாள். "திங்கக்கிழமை பேப்பரக் கொண்டாங்க. போட்டுத் தாரேன்" என்றாள்.

அவர் போன பிறகு கத்தினேன். உனக்குப் பைத்தியமா, வலது கையே இல்லாமல் எந்தக் கையால் போடுவாய் என்றேன். "இடது கையால போடுவேன். பெருவிரல உருட்டுவேன். உங்கள ஜெயில்ல வச்சிட்டு நான் எதத் தைக்க?"

ஆவணி 1, சனி

வண்டி வந்தது. துணியை நானும் நாச்சம்மாளும் சுருட்டினோம். அவன் கிழித்த இடத்தைத் தைத்துவிடவா என்று ஊசியோடு கேட்டேன். வேண்டாம் என்றாள் உலகு. "அது அவன் வேலை. அவன் கையால செஞ்சது அது ஒண்ணுதான் இதுல. அப்படியே தொங்கட்டும்." அண்டா சாய்ந்தபோது கீழ் ஓரத்தில் பட்ட கடுக்காய்க் கறை கறுத்துப் போயிருந்தது. அதையும் அலசவிடவில்லை.

துணி போன பிறகு அறை பெரிதாகிவிட்டது. அவள் மேசையில் உட்கார்ந்து இடது கையால் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாள். இருபது முறை கோணிப்போயிற்று. நான் கோத்துத் தருகிறேன் என்று எழுந்தேன். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

ஆவணி 3, திங்கள்

காவல் நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கே குளித்து, திருநீறு பூசாமல், மாற்றுப் புடவை ஒன்றையும் நோட்டையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சித்தப்பா காகிதத்தோடு வருவதற்கு முன் போய்விட வேண்டும். உலகு படியில் வந்து நின்றுவிட்டாள். "எங்க போறீய அத்தை?" என்றாள். சொன்னேன். வழியை மறித்தாள். தள்ளிவிட்டு நடந்தேன். செருப்புக் கூடப் போடாமல் பின்னாலேயே வந்தாள். வழி நெடுக, "நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சிரும், நீங்க சும்மா இருங்க, ஒங்க வாய் சும்மாவே இருக்காதா" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

"நான் உள்ளத ஒத்துக்கிட்டா அவனுக ஒன்ன மெரட்ட என்னட்டி இருக்கு? அந்தப் பேப்பர வச்சு ஆப்பிள் மடிக்கட்டும்" என்றேன்.

பெண் எஸ்.ஐ. ஒருத்தி இருந்தாள். உலகின் வயதுதான் இருக்கும். அன்றைக்கு இன்ஸ்பெக்டரிடம் சொன்னது பொய், இப்போது உண்மையை எழுதிக்கொள் என்றேன். நாற்காலி போட்டாள்.

"பேரு?"

"ஆவுடையம்மாள்."

"வீட்டுக்காரர் பேரு?"

எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையிலும் ஓட்டுச்சாவடியிலும் பக்கத்தில் நிற்பவர்கள்தான் எனக்காகச் சொல்வார்கள். பழக்கத்தில் உலகைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் எனக்காகச் சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"கொம்பையா" என்றேன்.

உலகு என்னையே பார்த்தாள். "அத்தை, அன்னைக்கு அவன அடிக்கும்போது நீங்க..."

"ஆமாட்டி. அந்தப் பேரத்தான் சொல்லிச் சொல்லி அடிச்சேன்."

தறி இரைச்சலில் எனக்கே கேட்காத குரல் அவளுக்கு எப்படிக் கேட்டதோ. என் வாயைப் பார்த்திருப்பாள்.

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்திவிட்டாள். "உங்க வீட்டுக்காரர் இப்ப இருக்காராம்மா?"

"போயிப் பத்து வருசம் ஆச்சு."

"சரி. எத்தனை அடி அடிச்சீங்க? யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் உங்க மேல நிக்கும்."

"பதினொண்ணு. நின்னுக்கிட்டு இருந்தப்ப ஒண்ணு. விழுந்த பெறவு பத்து. நல்லா எழுதிக்கோம்மா, ஒண்ணு கூடக் கொறைக்காத."